கல்லில் பட்ட முதல் வேட்டு

“முப்பத்தேழு வேட்டு” என்றார் பழனியப்பன், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒன்றரை மணி நேரத்துல.”

“எந்தச் சண்டையிலண்ணே?” என்று கேட்டான் அப்துல் ரவூப்.

“சண்டை இல்ல. சமையல்காரர்.”

ரங்கூன் கோர்ட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மைக்கூடு. பழனியப்பனின் ஆபீஸ் அவ்வளவுதான். ஊருக்கு அவர் மனு எழுதிக் கொடுப்பவர். பத்து வருஷம் பிறர் குறைகளை எழுதி எழுதி, எந்தக் குறை நிஜம், எந்தக் குறை ஜோடனை என்று பேனா முனையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் சில வழக்குகளில் மனு எழுதுவதற்குப் பதிலாகத் துப்பறியக் கிளம்பிவிடுவார். ரவூப் குதிரை வண்டிக்காரன். அவன் குதிரையின் பெயர் ஜட்ஜ். எதற்கும் அவசரப்படாது, ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்பீல் கிடையாது.

மேஜைக்கு எதிரே நீலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். டாலாவில் இரண்டு பால்மாடு வைத்திருப்பவள். காலை முதல் படகில் ஆற்றைக் கடந்து வந்திருந்தாள். அவள் புருஷன் சின்னத்தம்பிதான் அந்தச் சமையல்காரர்.

“அவருக்குத் துப்பாக்கின்னா எந்தப் பக்கம் வெடிக்கும்னே தெரியாதுய்யா” என்றாள். “ஆனா அவரே ஒத்துக்கிட்டாராம். கையெழுத்தும் போட்டுட்டாராம். அவரு பேச்சு ஒண்ணு, எங்க தஞ்சாவூருப் பேச்சு ஒண்ணு. என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ.”

“நிதானமாச் சொல்லும்மா. என்ன நடந்துச்சு?”

நடந்தது இதுதான். சனிக்கிழமை, ஆறு பெரிய மனிதர்கள் மாவ்பிக்கு இந்தப் பக்கம் உள்ள சர்க்கார் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். சமையலுக்குச் சின்னத்தம்பியை அழைத்துப் போனார்கள். ஞாயிறு காலை, காட்டுக் காவலர் ‘டப், டப்’ என்று வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தார். சமையல் சாமான்களுக்கு நடுவே ஒரு துப்பாக்கிக் குழல் கிடந்தது. அந்தக் காட்டுக்குள் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. சின்னத்தம்பியைப் பிடித்து, காட்டோரத்துப் போலீஸ் டாணாவில் அடைத்துவிட்டார்கள். இன்று திங்கள். பகல் பன்னிரண்டு மணி ரயிலில் அவரை ரங்கூன் கோர்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

“ஜெயில்னாலும் பரவாயில்லய்யா, காத்திருப்பேன்” என்றாள் நீலாம்பாள். “தண்டனை ஆயிட்டா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கே அனுப்பிடுவாங்களாமே? புதுச் சட்டமாமே?”

1927-ம் வருஷத்து ரங்கூனில் அந்தப் புதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. பழனியப்பன், கோர்ட்டுக்கு வந்திருந்த வாக்குமூலத்தின் நகலைத் திரும்ப எடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. சின்னத்தம்பி சொன்ன தமிழை, தமிழ் கொஞ்சம் தெரிந்த ரயில்வே குமாஸ்தா ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். அதைப் பழனியப்பன் மறுபடி தமிழாக்கிப் படித்தார்:

“‘காலை ஆறு மணி முதல் ஏழரை வரை முப்பத்தேழு வேட்டுப் போட்டேன். முதல் வேட்டு சரியாக வரவில்லை. கல்லில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. மற்றவை ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பார்த்துப் போட்டேன். ஆறு பேருக்கும் ஆளுக்கு ஆறு. கூடாது என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். தெரிந்தேதான் செய்தேன்.’”

ரவூப் விரல்விட்டு எண்ணினான். “ஆறாறு முப்பத்தாறு, கெட்டுப்போனது ஒண்ணு. கணக்கு சரிதான். அந்த ஆறு பேரும் எந்த ஆஸ்பத்திரியிலண்ணே?”

“ஆறு பேரும் வீட்டுல சௌக்கியமா இருக்காங்க.”

“ஆளுக்கு ஆறு வாங்கியுமா? அப்ப அவங்க பெரிய மனுஷங்க இல்லண்ணே, சிரஞ்சீவிங்க.”

பழனியப்பன் பேனாவைக் காதில் செருகினார். யோசனை பிடித்துவிட்டது என்று அர்த்தம். “இதைக் கவனி, ரவூப். தொண்ணூறு நிமிஷத்துல முப்பத்தேழு. அதாவது ஒண்ணுக்கு ரெண்டரை நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. கோபக்காரன் கடகடன்னு போடுவான். வேட்டைக்காரன் ஒண்ணு போட்டுட்டு அரை மணி காத்திருப்பான். ஒரே சீரா ரெண்டரை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா அது கோபத்தோட கணக்கு இல்ல, வேட்டையோட கணக்கும் இல்ல. வேலையோட கணக்கு.”

“என்ன வேலை?”

“அது தெரியாது. ஆனா ஒரு சாமான் நமக்குப் பதில் சொல்லும். முதல் வேட்டு கல்லுல பட்டுதுல்ல? அந்தக் கல்லைக் கண்டுபிடிப்போம்.”

*

ரயிலில் ஜீவகாருண்ய சங்கத் தலைவர் காசிவிசுவநாதன் இவர்கள் மூவரும் இருந்த பெட்டிக்கு வந்து உட்கார்ந்தார். காட்டுக்குப் போன ஆறு பேரும் அந்தச் சங்கத்தின் நிர்வாகிகள். உயிர்களிடம் அன்பு என்பது சங்கத்தின் கொள்கை. தலைவர் உட்காரும் முன் பலகையைத் துண்டால் மெதுவாகத் தட்டி, இரண்டு எறும்புகளுக்கு வழி விட்டார்.

“பாவம், சின்னத்தம்பி” என்றார். “நானும் அவனுக்காகத்தான் வரேன். குத்தத்தை ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சுடும். யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. அபராதம் விதிச்சா நான் கட்டிடறேன்.”

“அந்தக் குழல் யாரோடது?” என்று கேட்டார் பழனியப்பன்.

“யாருக்குத் தெரியும்? காட்டுல எத்தனையோ கிடக்கும்.” தலைவரின் வலது கை கோட்டின் இடது பையைத் தொட்டுப் பார்த்தது.

“நெஞ்சு வலியாங்கய்யா?” என்றான் ரவூப்.

“இல்ல, இல்ல” என்று கையை எடுத்தார். ரயில் மிங்கலாடோன் பக்கத்து ரப்பர் தோட்டங்களைத் தாண்டுவதற்குள் அந்தக் கை இன்னும் நான்கு முறை பையைத் தொட்டுவிட்டு வந்தது.

பழனியப்பன் சட்டத்தை விளக்க ஆரம்பித்தார். கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுகிறவருக்கு வரும் சந்தோஷம் அவருக்குச் சட்டத்தைக் கழற்றிக் காட்டும்போது வரும்.

“துப்பாக்கின்னா மூணு கேள்வி, ரவூப். முதல் கேள்வி: உங்கிட்ட இருக்கலாமா? அதுக்கு லைசென்ஸ். ரெண்டாவது: காட்டுல வேட்டையாடலாமா? அதுக்குக் காட்டிலாகா பர்மிட், அது தனி. மூணாவதுதான் ருசியான கேள்வி. நான் வேட்டையாட வரல, கூடாரம் போட்டு ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன். எங்கிட்ட இருக்கற துப்பாக்கிய என்ன பண்றது?”

“வீட்டுல வச்சுட்டு வர்றது.”

“வழியில கொள்ளைக்காரன் வந்தா? அதனால இந்தக் காட்டுக்கு ஒரு விதி போட்டிருக்காங்க. கழட்டிக் கொண்டுபோ. குழல் வேற மூட்டை, பிடிக்கட்டை வேற மூட்டை. லைசென்ஸ் கூடவே இருக்கணும். சேத்து மாட்டினாத்தான் குத்தம்.”

“அதாவது மாப்பிள்ளை ஒரு வண்டி, பொண்ணு ஒரு வண்டி. பக்கத்துல உக்காந்தாத்தான் கல்யாணம்.”

“ஆனா லைசென்ஸ் இல்லாதவன் கையில வெறும் குழல் இருந்தாலும் அது ஆயுதம்தான். சட்டத்துல ஆயுதத்தோட உறுப்பும் ஆயுதம்.”

“சரிதான். பொண்ணு தனியா நின்னாலும் அப்பன் வந்து கேப்பான்.”

நீலாம்பாள் சிரிக்கவில்லை. “அப்ப அந்தக் குழல் ஒண்ணே போதுமா, அவரைக் கப்பலேத்த?”

“போதும்மா” என்றார் பழனியப்பன். அவர் பொய்யான ஆறுதல் சொல்வதில்லை. “அதனாலதான் குழல் எப்படி அங்க வந்துச்சுன்னும் தெரியணும்.”

காசிவிசுவநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

டாணா வராந்தாவில் பதினொரு கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஊ போ தின் மேல் பர்மாவிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நேர்மையானவர், கடும் உழைப்பாளி. “வாக்குமூலத்தில் உள்ள கல்லைத் தேட இரண்டு ஆளை அனுப்பினேன்” என்றார் பர்மியத்தில். “இதில் ஏதோ ஒன்றில்தான் முதல் வேட்டு பட்டிருக்கிறது.”

பழனியப்பன் ஒரு கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு பர்மியர் மரியாதையாக அழைக்கும் ‘சயா’வோடு தொடங்கினார். “சயா, இந்த வட்டாரம் பூராவும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். பத்தடி தோண்டினாலும் கல் கிடைக்காது. இதில் எண்ணெய் வாடை வருகிறது. இவை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தவை.”

ஊ போ தின் தன் இரண்டு காவலர்களையும் பார்த்தார். அவர்கள் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

“சீக்கிரம் திருப்பிப் போட்டுடுங்க சயா” என்றான் ரவூப். “பன்னெண்டு மணி ரயில் வந்து கேக்கும்.”

சின்னத்தம்பி கம்பிக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் இன்னும் குனிந்தார்.

“குத்தம்தான்யா” என்றார் பழனியப்பனிடம். “போர்டைப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன். ஆனா ஆறு பேரும் வரிசையா உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. மனசு கேக்கல. ஆளுக்கு ஆறு போட்டேன்.”

“கொஞ்சம் கூட யோசிக்கலையா?”

“தலைவர் ஐயா எட்டு கேட்டாருய்யா. நான்தான் ஆறோட நிறுத்தினேன்.”

ரவூப் பழனியப்பன் காதருகே குனிந்தான். “கேட்டு வாங்குற அளவுக்கா அண்ணே ஜீவகாருண்யம்?”

பழனியப்பன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் காவலர் கதவைத் தட்டி, நேரம் முடிந்தது என்றார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து.

*

கூடாரம் போட்ட இடம் டாணாவிலிருந்து பத்து நிமிட நடை. காசிவிசுவநாதன் டாணாவிலேயே தங்கிவிட்டார். காட்டு எல்லையில் ஒரு பெரிய பலகை நின்றது. மேலே ஆங்கிலம், கீழே பர்மியம், மொத்தம் பதினெட்டு வரி. பழனியப்பன் ரயிலில் சொன்ன விதிகள் வரி பிசகாமல் அதில் இருந்தன.

“இந்தப் பதினெட்டு வரியையும் சின்னத்தம்பி படிச்சாரா?” என்று கேட்டார்.

“அவருக்கு இங்கிலீசும் தெரியாது, பர்மாக்காரங்க எழுத்தும் தெரியாதுய்யா” என்றாள் நீலாம்பாள். “பேச்சு மட்டும் கொஞ்சம் தெரியும். தின்ன மொஹிங்கா எங்க கிடைக்கும்னு கேக்கற அளவுக்கு.”

பழனியப்பன் இதை மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு மேலே நடந்தார்.

அடுப்பு இருந்த இடத்தில் சாம்பலும் கரிந்த மூங்கில் துண்டுகளும் கிடந்தன. தோட்டா தீர்ந்த கூடு ஒன்றுகூட இல்லை. முப்பத்தேழு வேட்டுக்கு முப்பத்தேழு காலிக் கூடு விழுந்திருக்க வேண்டும். பழனியப்பன் ஒரு மூங்கில் துண்டை எடுத்தார். அது கணுவுக்குக் கணு நீளவாக்கில் பிளந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“மூங்கில் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்திருக்கியா, ரவூப்? ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவுல ஒரு அறை. கதவு இல்லாத அறை. உள்ளே காத்து, பச்சை மூங்கில்னா ஈரம். தீயில போட்டா உள்ளே இருக்கறது விரியும். வெளியே போக வழி தேடும். வழி இல்ல. அப்புறம் தானே வழி பண்ணிக்கும்.”

அவர் ஒரு பச்சை மூங்கில் துண்டை வெட்டி, சருகைக் கூட்டிக் கொளுத்தி, அதில் போட்டார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். சிறிது நேரம் ஒன்றுமில்லை.

‘டப்!’

மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன. காட்டுக்குள்ளிருந்து தடியைச் சுழற்றிக்கொண்டு காட்டுக் காவலர் ஓடி வந்தார். வந்தவர் மூங்கிலைப் பார்த்தார். அவரும் பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்தான். முகம் சிவந்தது.

“சின்ன வயசில் நாங்களே இதை வெடித்து விளையாடுவோம்” என்றார். “நேற்று சத்தம் கேட்டு ஓடி வந்ததும் குழல் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம் காதுக்கு எல்லாம் துப்பாக்கியாகவே கேட்டது.”

“சத்தத்துக்குக் காரணம் தெரிஞ்சுது” என்றான் ரவூப். “ஆனா ஒரு வேட்டும் போடாதவர் எதுக்குண்ணே முப்பத்தேழு போட்டேன்னு கையெழுத்து போட்டாரு?”

பழனியப்பன் தீயை மிதித்து அணைத்தார். மூங்கிலில் கிடைத்த சந்தோஷம் வாடிவிட்டது. திரும்பி நடந்தார்கள். கல்லையும் காணோம். மணி பதினொன்றாகப் போகிறது.

போகும்போது பலகையின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள், திரும்பும்போது பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பின்பக்கமும் எழுதியிருந்தது. முன்னால் இடம் போதாமல், பலகை எழுதியவர் தமிழைப் பின்னால் தள்ளியிருந்தார். பதினெட்டு வரியைத் தமிழில் எழுதச் சோம்பலோ, சாயம் தீர்ந்துவிட்டதோ, ஒரே வரி. நீலாம்பாள் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

“காட்-டில்... சுடக்... கூடாது.”

பழனியப்பன் நின்றுவிட்டார்.

“மறுபடி படிம்மா.”

“காட்டில் சுடக்கூடாது.”

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். சட்டைப் பையில் வைத்தார். யோசனை முடிந்தது என்று அர்த்தம். “ரவூப், ஓடு. டாணாவுல சாட்சிப் பொருள் பட்டியல் இருக்கும். எடுத்து வைக்கச் சொல்லு. நாம தேடுற கல்லு காட்டுல இல்ல.”

*

ஊ போ தின் பட்டியலைக் கம்பீரமாகப் படித்தார்.

“ஒன்று: இரட்டைத் துப்பாக்கிக் குழல். நீளம் முப்பது அங்குலம். இரண்டு: வட்டமான கனத்த இரும்புத் தகடு. கேடயமாகவோ குறிபார்க்கும் இலக்காகவோ இருக்கலாம். மூன்று: தட்டையான நீண்ட இரும்பு ஆயுதம், முனை மழுங்கியது. நான்கு: பானை ஒன்று, உள்ளே வெள்ளைக் கலவை. நேற்று முக்கால் பானை இருந்தது. இன்று தானாகப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்திருக்கிறது. வெடிமருந்து என்று சந்தேகம். காவலர்கள் பத்தடி தள்ளி நிற்க உத்தரவு.”

ரவூப் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“சயா, கைதியை ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்” என்றார் பழனியப்பன். சின்னத்தம்பி வந்து நின்றார். “சின்னத்தம்பி, முப்பத்தேழு சுட்டேன்னு சொன்னீங்களே. என்ன சுட்டீங்க?”

சின்னத்தம்பி எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். இதென்ன கேள்வி என்பதுபோல் சொன்னார்: “தோசைங்க.”

பழனியப்பன் ஊ போ தின்னுக்குப் பொறுமையாக விளக்கினார். தமிழில் ‘சுடு’ என்று ஒரு சொல். துப்பாக்கிக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். பலகை எழுதியவர் துப்பாக்கியை நினைத்து எழுதினார். படித்த சமையல்காரர் அடுப்பை நினைத்துப் படித்தார். குமாஸ்தா ‘சுட்டாயா’ என்று கேட்டார். இவர் ‘சுட்டேன்’ என்றார். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு, ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எட்டாமலே கையெழுத்து வரை போய்விட்டார்கள். முதல் தோசை எப்போதும் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கல்தான் பட்டியலில் இரண்டாவதாக உள்ள கேடயம். அது இரும்புதான், ஆனால் தமிழர் அதைத் தோசைக்கல் என்றுதான் சொல்வார்கள்.

“காட்டுக்குள்ள பலகாரம் பண்ணக்கூடாது போலிருக்கு, தீ பரவும்னு பயப்படுறாங்கன்னு நெனச்சேன்” என்றார் சின்னத்தம்பி. “தோசை சுட்டதுக்குக் கப்பலேத்துறாங்களேன்னு ராத்திரி பூரா அழுதேன்.”

ஊ போ தின் பட்டியலை மடித்தார். “நம்புகிறேன். ஆனாலும் எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும்” என்றார்.

டாணா முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். சின்னத்தம்பி துப்பாக்கிக் குழலை எடுத்துத் தீயை ஊதினார். இரட்டைக் குழல் ஆதலால் தீ இரட்டிப்பாக எழுந்தது. அவர் சாட்சிப் பொருளால் ஊதி, சாட்சிப் பொருளின் மேல் சாட்சிப் பொருளை ஊற்றி, சாட்சிப் பொருளால் திருப்பப் பார்த்தார். முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை.

“முதல் வேட்டு!” என்று ரவூப் சலாம் வைத்தான்.

இரண்டாவது வந்தது. மூன்றாவது மொறுமொறுவென்று வந்தது. மாவு ஒருநாள் அதிகமாகப் புளித்திருந்தாலும், வெடிமருந்தைப் பத்தடி தள்ளி நின்று காவல் காத்த இரண்டு காவலர்களும் ஐந்தடிக்கு வந்திருந்தார்கள். ஊ போ தின் கடமையாக ஒன்றைத் தின்று பார்த்தார். பிறகு, சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று இன்னொன்றையும் தின்றார்.

நீலாம்பாள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. பழனியப்பன் மட்டும் காசிவிசுவநாதனைக் கவனித்துக்கொண்டிருந்தார். தன் ஆள் தப்பித்ததில் தலைவருக்கு மகிழ்ச்சி தெரியவில்லை. அவர் கண் சின்னத்தம்பியின் கையிலிருந்த குழலை விட்டு நகரவில்லை. கை கோட்டுப் பையில் இருந்தது.

ஊ போ தின் கையைத் துடைத்துக்கொண்டார். “சுட்டது தோசை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊதிய குழல் துப்பாக்கிக் குழல். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆயுதத்தின் உறுப்பு. அதற்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். மணி பதினொன்றரை.”

நீலாம்பாள் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள்.

“சின்னத்தம்பி” என்றார் பழனியப்பன். “இந்தக் குழல் உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“தலைவர் ஐயாதான் குடுத்தாரு. துணியில சுத்தி, ரகசியமா, ‘இது புளிக்கு. பத்திரமா வையி, யார்கிட்டயும் சொல்லாதே’ன்னாரு. நானும் புளிப்பானையில சொருகி வச்சேன். இவ்வளவு நீளக் குழல்ல புளிய எப்படி அடைக்கறதுன்னுதான் விளங்கல. சும்மா கிடக்கேன்னு அடுப்பு ஊதினேன்.”

நாக்கை மடக்கிச் சொன்னால் ளகரம். மடக்காமல் சொன்னால் லகரம். காதோடு காதாகக் கிசுகிசுக்கும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“ஐயா” என்றார் பழனியப்பன், தலைவர் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக. “புளிக்கா? புலிக்கா?”

காசிவிசுவநாதன் கல் எண் நான்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“புலிக்குத்தான்” என்றார். “எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே புலின்னா பயம். கட்டையப் படுக்கையில சுருட்டி வச்சேன். குழலை அவன்கிட்ட குடுத்தேன். தோட்டா வாங்கக்கூட இல்ல, யாராவது பாத்துடுவாங்கன்னு. ஜீவகாருண்ய சங்கத் தலைவன் துப்பாக்கி வச்சிருக்கான்னு தெரிஞ்சா நான் எப்படி வெளியே தலை காட்டறது?”

“தோட்டா இல்லாம புலிய என்ன பண்றதா இருந்தீங்க?” என்றான் ரவூப். “காருண்யமா ஊதி விடவா?”

“பையில இருக்கறதைக் குடுங்கய்யா” என்றார் பழனியப்பன். “கூடவே வச்சிருக்கணும்னு விதி. வீட்டுல வச்சா உங்க வீட்டம்மா கண்ணுல படும். அதனால பையிலதான் இருக்கும்.”

லைசென்ஸ் வெளியே வந்தது. பழனியப்பன் குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பகுதிதான் ஒரு ராத்திரி முழுவதும் புளியில் ஊறியது. புளி பித்தளையை மட்டுமல்ல, துருப்பிடித்த இரும்பையும் துலக்கிவிடும். எண் பளிச்சென்று தெரிந்தது. லைசென்ஸில் இருந்த அதே எண். பிறகு அவர் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினார். பின்பக்கத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்று இன்று காலை ஒரு பலகை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“சயா, லைசென்ஸ்காரருக்காகத் துப்பாக்கியைத் தூக்கி வரும் வேலையாளின் பெயரை எழுத இங்கே ஒரு கட்டம் உண்டு. அந்தப் பெயர் இருந்தால் அவர் கொண்டுபோவதும் செல்லும். படியுங்கள்.”

ஊ போ தின் எழுத்துக் கூட்டினார். “சின்-னத்-தம்-பி. சமையல்காரர், டாலா.”

“கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னு ஆபீஸ் குமாஸ்தா சொன்னாரு” என்று முனகினார் தலைவர். “வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன். மறந்தே போச்சு.”

“அப்ப நேத்து காலையிலேயே இதை நீட்டியிருந்தா?” என்று கேட்டாள் நீலாம்பாள்.

“லைசென்ஸ் இருக்கு. குழல் வேற, கட்டை வேற. தூக்கி வந்தவர் பெயரும் இருக்கு” என்றார் பழனியப்பன். “யாருமே எந்தக் குத்தமும் பண்ணலம்மா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.”

நீலாம்பாள் தலைவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பயந்து வளர்ந்த புலிகளில் எதுவும் அப்படிப் பார்த்திருக்காது. அவர் எழுந்து, சின்னத்தம்பியின் முன் கைகூப்பினார். “மன்னிச்சுக்கப்பா. அடுத்த கூட்டத்துல நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“சொல்லுங்கய்யா” என்றார் சின்னத்தம்பி. “ஆனா அந்தக் குழலை எனக்கே குடுத்துடுங்க. அதுமாதிரி ஊதுகுழல் ரங்கூன்லயே கிடைக்காது.”

“கூடாது!” என்று பழனியப்பனும் ஊ போ தின்னும் இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பன்னிரண்டு மணி ரயில் ஊதிக்கொண்டு வந்தது. ஊ போ தின் வழக்குப் புத்தகத்தைத் திறந்து முடிவை எழுதினார்: ‘குற்றம் நிகழவில்லை. சுட்டவை முப்பத்தேழு. முப்பத்தாறு ஞாயிறன்றே உண்ணப்பட்டன. மீதமிருந்த வெடிமருந்து இன்று டாணா முற்றத்தில் பரிசோதனையில் செலவாகிவிட்டது.’ எழுதிவிட்டு, அடுத்த ஞாயிறு சின்னத்தம்பிக்கு வேறு வேலை உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

ரயிலுக்கு நடக்கும்போது நீலாம்பாள் தோசைக்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச் சொல்றேன். தோசை சுடறதுன்னு சொல்லாதே, ஊத்தறதுன்னு சொல்லுன்னு. கேட்டியா?”

சின்னத்தம்பி தலை குனிந்தார். “இனிமே ஊத்தறேன்.”

அது பதினோரு வருஷத்தில் அவர் கொடுத்த முதல் சரியான வாக்குமூலம்.